பால் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

உளவியல் அறிமுக நூல் எதைப் புரட்டினாலும் அந்தப் புகைப்படம் ஏதாவதொரு பக்கத்தில் இருக்கும். அருகருகே இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பிவலை உருளை. அதில் ஒரு பால்புட்டி செருகியிருக்கிறது. இன்னொன்று மரக்கட்டையின்மேல் ஸ்பாஞ்சு பொதிந்து டர்க்கித் துணி சுற்றியது. குட்டிக் குரங்கு ஒன்று பின்னங்கால்களால் துணியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, உடம்பை எட்டும் மட்டும் நீட்டி, வாயை மட்டும் கம்பித் தாயின் புட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறது. பால் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பார்க்கிறவர்கள் முகத்தில் முதலில் ஒரு கனிவும் அடுத்து ஒரு சிரிப்பும் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. வெகுகாலம் கழித்து, படத்தில் இல்லாத ஒருத்தியைப் பற்றிய நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. இந்தக் குட்டியைப் பெற்றவள் எங்கே? பிறந்த சில மணி நேரத்துக்குள் குட்டியைத் தாயிடமிருந்து எடுத்துவிடுவது அந்த ஆய்வகத்தின் நடைமுறை. எடுத்தபோது அவள் என்ன செய்தாள், எத்தனை நாள் தேடினாள் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அதற்குப் படவும் இல்லை. அன்பு எதில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த சோதனை என்று படத்தின்கீழ் இரண்டு வரி இருக்கும், அவ்வளவுதான்.

சோதனையைச் செய்தவர் ஹாரி ஹார்லோ. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அரை ஆயுளைக் குரங்குகளோடு கழித்தவர். அவர் கண்டது என்ன என்று கேட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும்: பால் தருகிறவளோடு அல்ல, தொட்டுக்கொள்ளத் தருகிறவளோடுதான் குட்டி ஒட்டிக்கொள்கிறது. கம்பித் தாயிடம் மட்டுமே பால் இருந்தாலும் குட்டிகள் நாளில் 15 மணி நேரத்துக்கும் மேல் துணித் தாயின்மேல்தான் கிடந்தன; பசித்தால் போய்க் குடித்துவிட்டுத் திரும்பின. நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னாலும், ‘இதைக் கண்டுபிடிக்கவா குரங்கைப் பிடித்து அடைத்தார்கள்?’ என்றுதான் கேட்பாள். வெகுகாலம் என் கேள்வியும் அதுவாகவே இருந்தது. எல்லா வீட்டிலும் தெரிந்திருந்த ஒன்றை ஏன் ஒருவர் கம்பியும் துணியும் வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது? அந்தக் கேள்வியின் சௌகரியம் அது கேட்கிறவனை நல்லவனாகக் காட்டுகிறது என்பதுதான். சற்று உள்ளே போய்ப் பார்த்தால் அது நிற்பதில்லை.

ஏனென்றால் எல்லா வீட்டிலும் தெரிந்திருந்தது, எல்லா ஆஸ்பத்திரியிலும் தெரிந்திருக்கவில்லை. 1928இல் ஜான் வாட்சன் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எழுதினார். நடத்தையியலின் தந்தை, ஆல்பர்ட் என்று பெயரிட்ட ஒரு கைக்குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புக்கம்பியைச் சம்மட்டியால் அடித்து, வெள்ளெலியைக் கண்டு அலறப் பழக்கியவர். பிள்ளையைக் கட்டிக்கொள்ளாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், மனசு கேட்காவிட்டால் தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் ஒரு கைகுலுக்கல், அதற்குமேல் வேண்டாம் என்பது அவர் அறிவுரை. அதை எழுதும் அளவுக்குத் தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். புத்தகம் அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரிகள் தொற்றுக்குப் பயந்து குழந்தைகளைத் தனித்தனித் தொட்டிலில் போட்டு, இடையே வெள்ளைத் திரை தொங்கவிட்டு, தாய்மாரை வாரத்தில் சில மணி நேரம் மட்டும் உள்ளே விட்டன. மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் 1940களில் இரண்டு இடங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று சுத்தபத்தமான அனாதைக் குழந்தைகள் விடுதி, மற்றொன்று பெண்கள் சிறைச்சாலையில் கைதித் தாய்மார் தாங்களே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட காப்பகம். விடுதியில் இரண்டு ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போயின. சிறையில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று அவர் எழுதியதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், போர்க்காலத்தில் ஆனா ஃபிராய்ட் நடத்திய குழந்தைகள் விடுதியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த ஆள், 1952இல் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தாயில்லாமல் இருக்கிறாள். அழுகிறாள், அழுகையை அடக்கக் கற்கிறாள், கடைசியில் தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். நம் வார்டுகளில் குழந்தைகள் சந்தோஷமாகத்தான் இருக்கின்றன என்றார்கள்.

ஆக, தாய்மாருக்குத் தெரிந்திருந்தது என்பதும் உண்மை, அந்தத் தெரிதலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் மதிப்பில்லை என்பதும் உண்மை. வெள்ளைக் கோட்டு ஒன்று தட்டிப் பறித்ததைத் திருப்பித் தர இன்னொரு வெள்ளைக் கோட்டுதான் வரவேண்டியிருந்தது. மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை தாயின் அண்மையைப் பற்றி அத்தனையும் சொன்னது. ஆனால் அனாதை விடுதிக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்னதால், உணவுக் குறையோ பரம்பரைக் குறையோ காரணமாக இருக்கலாமே என்று தட்டிக்கழிக்க வழியிருந்தது. ஹார்லோவின் குட்டிகளிடம் அந்த வழி அடைபட்டது. எல்லாம் ஒன்றாக வைத்து ஒன்றை மட்டும் எடுத்துவிட்டார். நியாயமாகச் சொல்வதானால், இன்று நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில்கூடக் குழந்தை பக்கத்தில் தாய் படுத்துக்கொள்ள இடம் கொடுப்பதற்குப் பின்னால் உள்ள நீண்ட வழக்கில் அந்தக் குட்டிகளும் சாட்சி. சாட்சியை யாரும் கேட்டு அழைத்துவரவில்லை என்பதுதான் நெருடுகிறது.

அந்தக் குரங்கு இனமும் நமக்கு அந்நியமில்லை. ரீசஸ், செம்முகக் குரங்கு, வட இந்தியாவின் ரயில் நிலையங்களிலும் கோயில்களிலும் திரிவது. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி சூடுபிடித்த 1950களில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் போயிற்று. 1978இல் மொரார்ஜி தேசாய் அரசின் தடை நடைமுறைக்கு வரும்வரை ஏற்றுமதி நிற்கவில்லை. பயணத்தில் நலிந்து, நோயோடு வந்திறங்கிய குரங்குகளால் ஆய்வகத்துக்குத் தொல்லை. எனவே ஹார்லோ தாமே குரங்குப் பண்ணை வைத்துக் குட்டிகளை எடுக்கத் தொடங்கினார். நோய் தொற்றாமலிருக்கத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். குட்டிகள் தாயோடு வளர்ந்தவற்றைவிடக் கொழுகொழுவென்று இருந்தன. ஆனால் வெறித்துப் பார்த்தபடி விரல் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கூண்டின் தரையில் விரித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டன. மாற்றுவதற்காக அதை எடுத்தால் ஊரைக் கூட்டின. துணித் தாய் என்ற யோசனையே அங்கிருந்துதான் வந்தது. அதாவது அன்பைச் சோதிக்க வேண்டுமென்று யாரும் குட்டிகளைப் பிரிக்கவில்லை. சுகாதாரத்துக்காகப் பிரித்தார்கள், பிரிந்ததைக் கண்டபின் சோதனை பிறந்தது. ஹார்லோவிடம் எனக்கு மதிப்பு வருகிற இடமும் இதுதான். துணிக்காக அலறிய குட்டியை நூறு பேர் பார்த்திருப்பார்கள். அந்த அலறல் எதையோ சொல்கிறது என்று நின்றவர் ஒருவர்.

1958 ஆகஸ்டில் வாஷிங்டனில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக நின்று அவர் ஆற்றிய உரையைப் படிக்கும்போது அந்த மனிதரின் குரல் கேட்கிறது. விலங்குகளின் அன்பைப் பற்றித் தாமே கட்டிய விளையாட்டுப் பாட்டுகளைச் சொல்கிறார். பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றிக் கேலி செய்கிறார். கூடவே, தொடுகைதான் முக்கியம் என்றால் பிள்ளை வளர்க்க ஆணிடமும் வேண்டிய கருவிகள் எல்லாம் இருக்கின்றனவே என்று முடிக்கிறார். கேலியாகச் சொன்ன அந்த வரிதான் உரையிலேயே துணிச்சலானது. யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. முதல் குட்டி ஒன்று எதிர்பார்த்ததற்கு முன்பே பிறந்துவிட்டதால் துணித் தாய்க்கு முகம் தயாராகவில்லை, வெறும் மர உருண்டையை வைத்துவிட்டார்கள். மாதங்கள் கழித்துக் கண்ணும் வாயுமாக அலங்கரித்த முகத்தைப் பொருத்தியபோது குட்டி அலறியது. பிறகு அந்தத் தலையைப் பிடித்துத் திருப்பி, முகமில்லாத பக்கத்தைத் தன்பக்கம் வைத்துக்கொண்டது. அதன் தாய்க்கு முகம் கிடையாது. அதுதான் அதன் தாய்.

உரையோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. அடுத்த ஆண்டுகளில் துணித் தாய்க்குள் காற்றுக்குழாய் வைத்தார். கட்டிக்கொண்டிருக்கும் குட்டியின்மேல் சீறியடிக்கும். முட்கள் வைத்தார், திடீரென்று நீண்டு குட்டியைத் தள்ளும். குட்டி விலகி நின்று, முட்கள் உள்ளே போனதும் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. மாதக்கணக்கில், சிலவற்றை ஓராண்டு, யாரையும் காணாத பெட்டியில் அடைத்தார். துணித் தாயோடு வளர்ந்த குட்டிகளும் தேறவில்லை. பெரியவையானபோது இணை சேரத் தெரியவில்லை, தன்னைத்தானே கடித்துக்கொண்டன. இணை சேராத பெண் குரங்குகளைக் கட்டிவைத்துக் கருவுறச் செய்ய ஒரு சட்டகம் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயரைச் சபையில் சொல்ல முடியாது. அப்படித் தாயானவற்றில் சில குட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை, ஒருத்தி குட்டியின் முகத்தைத் தரையோடு அழுத்தி விரல்களைக் கடித்தாள், கொன்றவர்களும் உண்டு. 1958இன் வெற்றிச் செய்தி இங்கே சத்தமில்லாமல் உடைகிறது. துணி போதவில்லை. தொடுகை என்று பெயரிட்டு எடுத்து வைத்த அந்த ஒன்று, அன்பின் ஒரு நூல்தான். அதனோடு பின்னிக்கிடந்த அசைவு, அதட்டல், விளையாட்டு, சக குட்டிகள், எல்லாம் வெளியே கிடந்தன. அறிவு வளர்ந்தது என்று இதைச் சொல்லலாம். எத்தனை கூண்டுகளின் விலையில் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. எந்தக் குரங்கைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அன்பின் இலக்கணமே மாறிவிடுகிறது. நியூயார்க்கில் சார்லஸ் காஃப்மன், லெனார்ட் ரோசன்ப்ளம் என்ற இருவர் 1960களில் வேறு இரண்டு இனங்களை வைத்துப் பார்த்தார்கள். பன்றிவால் குரங்குக் கூட்டத்திலிருந்து தாயை அகற்றியபோது குட்டி முதலில் பரபரத்தது, பிறகு தலையைக் கால்களுக்கிடையே கவிழ்த்துக்கொண்டு சுருண்டது. மற்ற பெண் குரங்குகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டாவது இனம் குல்லாய்க் குரங்கு, தென்னிந்தியாவுக்கே உரியது, நம் மலைக்கோயில் படிகளில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அதுதான். ஒன்றையொன்று ஒட்டி உட்காரும் சுபாவம் அதற்கு. அங்கே தாயை அகற்றியபோது குட்டியை மற்ற பெண் குரங்குகள் வாரியெடுத்து மார்போடு வைத்துக்கொண்டன. குட்டி தாயைத் தேடியது, ஆனால் அப்படி ஒடிந்துபோகவில்லை. ஹார்லோவுக்கு ரீசஸுக்குப் பதில் குல்லாய்க் குரங்கு வந்திறங்கியிருந்தால், ஒரே தாய், ஒரே மார்பு என்ற எண்ணம் உலகத்துப் பாடப்புத்தகங்களில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்குமா? வேலைக்குப் போன பெண்கள்மேல் அந்த எண்ணம் எத்தனை ஆண்டு பழி சுமத்தியது என்று யோசிக்கிறேன். சித்தியும் அத்தையும் பாட்டியுமாக இடுப்பு மாறி இடுப்பு வளர்ந்த பிள்ளைகளின் வீடுகளை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வீடுகளில் பெற்றவளின் கைக்குப் பிள்ளை எப்போது வரும் என்பதை மாமியார்தான் முடிவு செய்தார். அந்தப் பிரிவுக்கு ஆய்வேடு கிடையாது.

வேறு வழியே இருக்கவில்லையா என்றால் இருந்தது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் 1954இல் கணவரின் வேலை நிமித்தம் உகாண்டா போனார். கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு, மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கொரு முறை பிற்பகல் வேளையில் போய் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தார். குழந்தை யாரிடம் தவழ்ந்து போகிறது, யார் எழுந்தால் அழுகிறது, யார் எடுத்தால் அடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். யாரிடமிருந்தும் எதையும் எடுக்காமல் கிடைத்த அறிவு. அந்த முறைமேல் எனக்குள்ள பிரியத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது அதனால் அல்ல. அமெரிக்கா திரும்பி, பால்டிமோரில், பழக்கமில்லாத ஒரு அறையில் தாயையும் ஒருவயதுக் குழந்தையையும் வைத்து, தாயை மூன்று நிமிடம் வெளியே அனுப்பி, திரும்ப வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனையால்தான். உகாண்டாவின் பிற்பகல்கள் அடிக்குறிப்பாயின. பிரிவு சிறிது, தீங்கில்லாதது, கதவுக்கு அப்பால் தாய் நிற்கிறாள், அது நமக்குத் தெரியும். ஆனாலும் அங்கேயும் இருப்பதை அறிய இல்லாமல் ஆக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2002இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்று தொகுத்த, 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த உளவியலாளர் பட்டியலில் வாட்சன் 17, ஹார்லோ 26. எய்ன்ஸ்வொர்த் நூறை நெருங்கும் வால் பகுதியில் இருக்கிறார். பட்டியல்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அவை சில வேளை வாய்தவறி உண்மையைச் சொல்லிவிடுகின்றன.

ஹார்லோவை அரக்கனாக்கி முடித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அது ஆகவில்லை. முதல் மனைவி கிளாரா நல்ல படிப்பாளி; கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் கூடாது என்ற விதியால் படிப்பை விட்டுத் துணிக்கடை வேலைக்குப் போனார். இரண்டாம் மனைவி மார்கரெட்டும் உளவியலாளர், அதே விதிக்குள் மாட்டியவர். 1971இல் அவர் புற்றுநோயில் இறந்தார். அந்த ஆண்டுகளில் ஹார்லோ மனச்சோர்வில் விழுந்து மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய அதே காலத்தில்தான், மனச்சோர்வைக் குரங்கில் உண்டாக்குவதற்காக, வழுக்கும் எஃகுச் சுவர்கள் கீழ்நோக்கிக் குறுகும் ஒரு குழிக்கூண்டு அவர் ஆய்வகத்தில் வந்தது. குரங்குகள் முதலிரண்டு நாள் ஏறிப் பார்த்தன. பிறகு அடியில் சுருண்டு உட்கார்ந்தன. தன் குழியை வெளியே செய்து வைத்துப் பார்த்தார் என்று எழுத ஆசைதான். அது கதையாசிரியனின் சபலம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டும் ஒரே காலம் என்பது. அதே ஆய்வகத்தில் ஸ்டீஃபன் சுவோமியோடு சேர்ந்து 1972இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் உண்டு. ஆறு மாதம் தனிமையில் கிடந்து மூலையில் ஒடுங்கிய குரங்குகளிடம், தங்களைவிடச் சிறிய, மூன்று மாதக் குட்டிகளைக் கொண்டுவிட்டார்கள். சிறிசுகள் தாக்கவில்லை, விலகவும் இல்லை. போய் முதுகில் ஒட்டிக்கொண்டன. சில மாதங்களில் ஒடுங்கியவை விளையாடத் தொடங்கின. தனிமைப்பட்டவை தேறவே தேறாது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அவர் கண்டதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். புகைப்படமாகப் பாடப்புத்தகத்தில் வராததும் இதுதான்.

2022இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்கரெட் லிவிங்ஸ்டன், பார்வை ஆராய்ச்சிக்குக் குட்டிகளை எடுத்துவிட்ட, அல்லது குட்டி இறந்துபோன தாய்க் குரங்குகளிடம் பஞ்சு பொம்மையைக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். தாய்கள் பொம்மையை வாரி மார்போடு வைத்துக்கொண்டன. கெட்டியான பொம்மையை எடுக்கவில்லை. முகம் எப்படியிருந்தாலும் சரி, மெத்தென்றிருந்தால் போதும். 250க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். கருச்சிதைவில் பிள்ளையை இழந்த பெண்களுக்கு ஆறுதல் தர இது உதவும் என்றது எதிர்த்தரப்பு. படித்ததும் எனக்கு ஹார்லோமேல் ஒரு விசித்திரமான பரிவு வந்தது. அவருக்கு எதிரே வாட்சன் இருந்தார், வெள்ளைத் திரைகள் இருந்தன, சந்தோஷமாகத்தான் இருக்கின்றன என்று சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். வழக்குக்கு எதிர்வாதி இருந்தான். பிள்ளையை இழந்தவளின் கைக்கு எதையாவது கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை 2022இல் மறுத்தவர் யார் என்று அந்த ஆய்வேட்டில் தேடிப் பார்த்தேன். அப்படி யாரையும் அது குறிப்பிடவில்லை.